நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

1

எங்கள் ஆட்களுக்கு மீள்திறன் அதிகமாம். போன சனிக்கிழமை எங்கள் டவுன் நூலகத்து மேல்மாடியில், சமோசாவும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்து, படம் போட்டுக் காட்டிச் சொன்னார்கள்.

பல நாட்டு மக்களின் மூளை நலம் என்பது கூட்டத்தின் தலைப்பு. பேசியவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். நல்ல பிள்ளை, அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உலகப் படத்தைத் திரையில் போட்டு, பட்டினி பார்த்த நாடு, சண்டை பார்த்த நாடு என்று நிறம் நிறமாகக் காட்டினாள். கஷ்டப்பட்ட மக்களின் மூளை வளைந்துகொடுக்கக் கற்றுக்கொள்கிறது, அடி விழுந்தாலும் எழுந்துவிடுகிறது, உங்களிடமிருந்து நாங்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றாள். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளை அதையெல்லாம் தமிழில் சொன்னது. மீள்திறன் என்ற வார்த்தை அன்றுதான் என் காதில் விழுந்தது. ஒருவனை அடித்துவிட்டு, விழாமல் நிற்கிறாயே, உனக்கு எவ்வளவு பலமான கால் என்று பாராட்டுவது மாதிரி இருந்தது எனக்கு. அடித்தவனுக்கு அந்தப் படத்தில் நிறம் எதுவும் கொடுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவள் எங்கள் மேசைக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இவ்வளவு தூரம் வந்தவர் உங்கள் கணவர், அடுத்த கூட்டத்தில் அவர் தன் கதையைச் சொல்ல முடியுமா, எல்லாருக்கும் ஊக்கமாக இருக்கும் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சமோசாவைப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் முடியாது, சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். அருமை, அப்படியே செய்யலாம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இது அவளுக்குச் சொல்லும் கதை இல்லை. அவள் குறிப்பெடுத்துக்கொண்டு தலையாட்டுவாள், கண்கூடக் கலங்குவாள், பிறகு நன்றி சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போடுவாள். அதனால் இலங்கை மலைநாட்டிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் பெயர் புஷ்பலதா. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கொட்டகலையில் படித்து, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்று, இங்கிலாந்துக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வீட்டுக்காரர் செல்வராஜும் அதே தோட்டந்தான். இங்கே பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ரம்யா. வடக்கே வேறொரு நகரத்தில் கணக்காளராக இருக்கிறாள். மாதம் ஒரு தடவை வருவாள், அதுவும் ரயில் ஓடினால்.

முதலில் நடந்தது சின்ன விஷயம். ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், இவர் பக்கத்து வீட்டுக் கதவில் எங்கள் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, அது நம்ம வீடு இல்லீங்க."

சாவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒண்ணு போல கட்டி வச்சிருக்கான் வெள்ளக்காரன். இங்கயும் லயந்தான் புள்ள" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அது உண்மையுந்தானே. எங்கள் தெருவில் செங்கல் வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி ஜன்னல். தோட்டத்தில் எங்களுக்கு லயம் கட்டிக்கொடுத்தவர்கள் தங்கள் சொந்த ஊர்க் கூலிக்காரருக்கும் அதையேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். என்ன, இங்கே குழாயும் கக்கூசும் உள்ளே இருக்கின்றன.

பிறகு அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு தண்ணீர் சுடவைக்கிற கேத்தலைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். மறதி நோய் வந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டுவதுதான் என் பிழைப்பு. வேறு யாராவது தன் வீட்டு ஆளைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் நின்ற இடத்திலேயே இன்னதென்று சொல்லியிருப்பேன். என் வீட்டில் மட்டும் கண் தெரியவில்லை. தெரிய விரும்பவில்லை என்பதுதான் சரி.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போனோம். கொழுந்தன் முத்து இன்னும் அதே லயத்தில், அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருக்கிறார். போன மறுநாள் காலை, கடைக்குப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிய இவர் லயத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். ஒவ்வொரு வாசலாகப் பார்க்கிறார். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள், "யார தேடுறீங்க மாமா?" என்று கேட்கிறார்கள். மழை தூறுகிறது. முத்து தன் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார். அந்த வரிசையிலேயே நீலக் கதவு அது ஒன்றுதான். அதற்கு நேரே நின்றுகொண்டுதான் தேடுகிறார். நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

"அண்ணனுக்கு மறதி விழுந்திருச்சு மதினி" என்றார் முத்து, இவர் தூங்கிய பிறகு.

"இங்க யாருக்காச்சும் இப்படி வந்தா என்ன செய்வீங்க?"

"என்னத்த செய்யிறது? கடசி காம்பராவுல சின்னக்கண்ணு மாமா இருக்காருல்ல, அவருக்கும் இப்படித்தான். மக கொழுந்துக்கு போறப்ப வெளியால கொண்டிய போட்டுட்டு போயிரும். அந்திக்கு வந்துதான் தெறக்கும். டிஸ்பென்சரியில காச்சலுக்கு குடுக்கிற மாத்திரதான் இதுக்கும் குடுக்கிறாங்க. நீங்க அங்க இருக்கிறவங்க. அங்க எல்லாம் இருக்கும். நல்ல எடமா பாத்து காட்டுங்க மதினி."

அந்த மகள் கெட்டவள் இல்லை. காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, அவ்வளவுதான். போன சனிக்கிழமை திரையில் ஓடிய படத்தில் அந்த நாடு முழுவதும் ஒரே நிறமாக இருந்தது. கடைசிக் காம்பராவின் கொண்டியை எந்த நிறத்தில் சேர்த்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

3

திரும்பி வந்து எங்கள் குடும்ப டாக்டரிடம் சொன்னேன். அவர் ஞாபகசக்தியைச் சோதிக்கிற இடத்துக்கு எழுதிப்போட்டார். சில கேள்விகள் கேட்பார்கள், அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் என்றார்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னென்ன கேப்பாங்க?"

இந்த ஒரு கேள்வி எங்கிருந்து வருகிறதென்று சொல்லாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்கள் எங்கள் ஆட்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. யார் எந்தப் பங்கில் என்று முடிவுசெய்ய விசாரணை வைத்தார்கள். அதிகாரி வருவதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே மாமனார் பிள்ளைகளை அந்தியில் வரிசையாக நிறுத்தி ஒப்பிக்க வைப்பாராம். எங்கே பிறந்தாய்? அப்போது தோட்டத்துத் தொரை யார்? உன் அப்பன் எங்கே பிறந்தான்? யோசிக்கக் கூடாது, தலையைச் சொறியக் கூடாது. "தடுமாறுனீங்க, இந்தியாவுக்கு கப்பல்தான்" என்பாராம். பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாமனாரின் தங்கை பாக்கியம் அத்தைக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. உன் ஊர் எது என்று அதிகாரி கேட்டதற்கு, "துறையூருங்க" என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டன் புறப்பட்டு வந்த இடத்தைச் சொல்வதுதான் மரியாதை. அத்தை பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்தத் தோட்டத்தில். துறையூர் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஒரு பதிலுக்காகக் குடும்பத்தோடு தலவாக்கலையில் கோச்சி ஏறினார். அந்தக் கோச்சிக்கே எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். இவர் ஸ்டேஷனில் நின்று பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு பாக்கியம் அத்தையை எங்கள் பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

என் காலத்தில் விசாரணை போய்ச் சோதனைச் சாவடி வந்திருந்தது. ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறுவதற்கு முன் என் அம்மா என்னைச் சிங்களத்தில் ஒப்பிக்க வைப்பார். எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, எப்போது திரும்புவாய். நிறுத்தாமல் சொன்னால் விடுவார்கள், முழித்தால் இறக்கி வைத்துவிடுவார்கள். இவர் கொழும்பில் ஒரு கடையில் நின்ற காலத்தில் முழிக்காமல் பதில் சொல்லியும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒரு தடவை அல்ல. அதனால்தான் நாட்டை விட்டே வந்தோம். இங்கே தஞ்சம் கேட்டு அதிகாரி முன்னால் உட்கார்ந்தபோது நடந்ததை அப்படியே சொல்லத்தான் போனோம். அதற்கும் ஒத்திகை பார்த்தோம். ஒத்திகை பார்க்காத உண்மையை எந்த அதிகாரியும் நம்பி நாங்கள் கண்டதில்லை.

பிறகு இந்த நாட்டுக் குடியுரிமைப் பரீட்சை. யாரோ ஒரு பழைய ராஜாவுக்கு எத்தனை பெண்டாட்டி, அதில் எத்தனை பேரின் தலையை வெட்டினான் என்பதெல்லாம் அதில் வரும். ஒரு பெண்டாட்டியோடு நாற்பது வருடமாக மல்லுக்கட்டுகிறவர் அந்த ராஜாவின் பெண்டாட்டிமாரை வரிசையாக ஒப்பித்தார். முதல் தடவையிலேயே பாஸ். ஆக எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம் இது: பேனா வைத்திருக்கிற ஆள் முன்னால் வெறும் வாயோடு போய் உட்காரக் கூடாது.

4

அவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்துக்கு வந்து கேட்கும்போது பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வருடம் என்ன, மாதம் என்ன, எந்த நகரம், எந்த மாடி. மூன்று பொருள்களைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள்.

தினமும் தேத்தண்ணி குடித்த பிறகு எதிரும் புதிருமாக உட்காருவோம்.

"இப்ப என்ன வருசம்?"

"அதான் சொன்னேனே."

"இன்னொருக்க சொல்லுங்க. யோசிக்காம."

வருடம் தங்கவில்லை. அதனால் பாட்டு மாதிரி ஆக்கினேன். வருடம், மாதம், பருவம், டவுன், பிரதமர் என்று ஒரே மூச்சில் ஒரு தாளத்தோடு. தாளம் இருந்தால் தங்கியது. பிரதமர்தான் தொல்லை, இந்த நாட்டில் சில வருடமாக அவர்கள் சட்டை மாற்றுகிற மாதிரி மாறிக்கொண்டிருந்தார்கள். பொருள்கள் எதைக் கொடுத்தாலும் அதை ஒரு கதையாக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். சாவி, மரம், செருப்பு என்றால், செருப்புப் போட்டவன் மரத்தில் ஏறிச் சாவியைத் தேடுகிறான். இவருக்கு அது பிடித்துப்போயிற்று. நாங்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோதனையில் தவறினால்தான் உதவி கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் இவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நோய் இன்னதென்று அவர்கள் எழுதிக்கொடுத்தால்தான் அந்த ஆள் வருவார். வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சொல்லிக்கொடுத்தேன். அதிகாரி, கேள்வி என்ற இரண்டு வார்த்தைகளும் காதில் விழுந்தவுடனே என் புத்தி ஒதுங்கிக்கொண்டது, என் அம்மாவின் புத்தி வந்து உட்கார்ந்துகொண்டது. தவறினால் இவரைப் பறித்துக்கொண்டுபோய் எங்கேயாவது அடைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். அப்படி அடைபட்டவர்களுக்குச் சோறூட்டுவதுதான் என் வேலை என்பதால் அந்தப் பயம் இரண்டு மடங்கு.

டாக்டர் இளம் பெண், பொறுமைசாலி. மொழிபெயர்ப்புக்கு டெலிபோனில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. "ஐயா, இப்ப என்ன வருசமெண்டு டொக்டர் கேக்கிறா" என்று குரல் வந்தது. இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். வருடத்தைக் கேட்டால் வருடம், மாதம், பருவம், டவுன், பிரதமர் வரைக்கும் ஒரே மூச்சில் வந்தது. கடிகாரம் வட்டமாக வந்தது. டாக்டர் புருவத்தை உயர்த்திச் சிரித்தாள். கொஞ்சம் மறதி இருக்கிறது, வயதுக்கு அது சரிதான், ஆனால் உங்கள் கணவரின் மூளை நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது, மூன்று மொழி பேசுகிறவர், வாழ்நாளெல்லாம் உழைத்தவர், அதெல்லாம் ஒரு பாதுகாப்பு என்றாள். டெலிபோன் அம்மாவும் தன் பங்குக்கு, "உங்கட அவர் நல்லாத்தான் சொல்லுறார், பயப்பிடாதேங்கோ" என்றார்.

வெளியே வந்ததும் இவர் முத்துவுக்குப் போன் போட்டார். "தம்பி, மண்ட நல்லாருக்காம்டா. பாஸ்!" அன்றைக்கு வரும் வழியில் கேக் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டோம்.

5

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து வருகிறேன், வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, இவர் இல்லை. தெருத் தெருவாக ஓடினேன். கடைசியில் பொலிஸ் காரில் வந்து இறங்கினார். டவுனின் மறுகோடியில் பஸ் டிப்போ வாசலில், வீட்டுச் செருப்போடு, மழையில் நனைந்துகொண்டு நின்றாராம்.

பொலிஸ்காரன் இளைஞன், சிரித்த முகம். வழமையாகக் கேட்பதையெல்லாம் கேட்டுப் பார்த்தேன், பெயர், விலாசம், வருடம், எல்லாம் டக் டக்கென்று சொன்னார், பிரதமர் பெயரைக்கூடக் கேட்காமலே சொன்னார், என்னைவிட நல்ல மூளை என்றான். துவாயை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, எங்கே புறப்பட்டீர்கள் என்று இவரிடம் கேட்டேன்.

"பெரட்டுக்குத்தான். நேரமாயிருச்சு. கலைஞ்சிருப்பாங்க" என்றார்.

மறுநாள் உதவி கேட்டுப் போன் பண்ணினேன். போனை எடுத்தவர் கணினியைப் பார்த்தார். சோதனையில் நன்றாகச் செய்திருக்கிறாரே, நோய் என்று எதுவும் பதியவில்லையே என்றார். பொலிஸ் கூட்டி வந்ததைச் சொன்னேன். அவர்களிடமும் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றேன். அப்படியானால் மறுபடி டாக்டர் வழியாக வாருங்கள், காத்திருக்க வேண்டி வரும் என்றார். அதன் பிறகு நான் வேலைக்குப் போகும்போது கதவை வெளியால் பூட்டிவிட்டுப் போகத் தொடங்கினேன். லிந்துலையில் கொண்டி, இங்கே சாவி.

அந்த மாதம் ரம்யா வந்தாள். "எப்படி இருக்கீங்க அப்பா?" என்றுதான் கேட்டாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து வருடம், மாதம், பருவம், டவுன், பிரதமர் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஏன் எக்ஸாம் மாதிரி பேசுறார்?"

சொன்னேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கத்தினாள்.

"டெஸ்ட்டுக்கு நீங்க ட்யூஷன் குடுத்தீங்களா? அது பாஸ் பண்ற டெஸ்ட் இல்லம்மா! அப்பாக்கு என்ன இருக்குன்னு பாக்கிற டெஸ்ட்!"

"பெயிலானா கூட்டிட்டு போயிட்டாங்கன்னா?"

"எங்க கூட்டிட்டு போவாங்க? அப்பா இந்த நாட்டு சிட்டிசன். யாரும் யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க."

"பாக்கியம் அத்தையும் அப்படித்தான் நெனச்சிச்சு."

"யாரும்மா பாக்கியம்?"

முப்பது வயதுப் பெண். அவளுக்குப் பாட்டு வகுப்பு, நீச்சல் வகுப்பு, தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அனுப்பினோம். எந்த அதிகாரிக்கு எதைச் சொல்ல வேண்டுமென்று ஒத்திகை பார்த்த வீட்டில் பெற்ற பிள்ளைக்கு ஒன்றையும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், அதெல்லாம் அந்தக் காலம் அம்மா என்று அவள் ரயிலுக்கு நேரம் பார்க்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். போகும்முன் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை சொல்லிக்கொடுக்க மாட்டேன், பக்கத்தில் இருந்து எடுத்தும் கொடுக்க மாட்டேன்.

6

இரண்டாவது சோதனைக்கு நாள் வந்தது. தேத்தண்ணி குடித்ததும் இவரே கதிரையை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"கேளு புள்ள."

"வேணாங்க. அங்க போயி தெரிஞ்சத சொல்லுங்க, போதும்."

"தெரிஞ்சத சொல்றதா? ஒனக்கென்ன பைத்தியமா?"

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். இவர் தனியாக ஒப்பித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பருவத்துக்கு முன்னால் டவுன் வந்தது, பருவத்துக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. திருத்திச் சொல்ல நாக்குத் துடித்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதே டாக்டர், அதே மேசை. என் கதிரையை இவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாள். வருடம் என்னவென்று டெலிபோன் கேட்டது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது. பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

வீட்டில் எந்த வார்த்தை தவறினாலும் அப்படித்தான் பார்ப்பார். நான் எடுத்துக்கொடுப்பேன், அவர் வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடர்வார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. அன்று நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் சொல்லக் கூடாதாம்" என்றது டெலிபோன்.

மாதம் கேட்டார்கள். திரும்பினார். டவுன் கேட்டார்கள். கதிரையோடு திரும்பினார். "புள்ள" என்றார் மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி. "சொல்லு புள்ள. கேக்கிறாங்கல்ல." எல்லாப் பதிலும் என் வாய்க்குள் இருந்தது. அவற்றை உள்ளே வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் வரைய அவர் கையில் பேனாவைக் கொடுத்தாள். அவர் அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

டாக்டர் அவளால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். நோய் நடுக்கட்டத்தைத் தாண்டிவிட்டது, முன்பே பிடிபட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், முதல் சோதனை எப்படி அவ்வளவு நன்றாக வந்ததென்று விளங்கவில்லை என்றாள். நான் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. இப்படியும் நடக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நான் அழுவதைப் பார்த்து, கவலைப்படாதீர்கள், புதிதாக நடக்கிற எதுவும் இனி அவர் மனதில் அதிகம் தங்காது, இன்றைய நாளையும் மறந்துவிடுவார் என்று தேற்றினாள்.

வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது இவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "காட்டிக் குடுத்துட்டியே."

கேட்டதெல்லாம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் சின்ன பஸ் ஒன்று வீட்டு வாசலுக்கே வந்து இவரைப் பகல் நிலையத்துக்குக் கூட்டிப் போகிறது. மற்ற நாட்களில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள். கதவை வெளியால் பூட்டுவதில்லை. ஊரில் கடைசிக் காம்பராவுக்கு இதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றிகெட்டவளாகப் பேசக் கூடாது.

ஆனால் டாக்டர் சொன்னதில் ஒன்று பிழையாகப் போய்விட்டது. சாப்பிட்டதை மறக்கிறார். ரம்யா போன் பண்ணியதை, வைத்த கையோடு மறக்கிறார். அந்த நாளை மட்டும் மறக்கவில்லை. யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எங்கே என்பதெல்லாம் போய்விட்டது. நான் ஏதோ செய்தேன் என்பது மட்டும் எங்கேயோ நின்றுவிட்டது. இப்போது எந்த வார்த்தை தவறினாலும் என் பக்கம் திரும்புவதில்லை. கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடுகிறார். நான் எடுத்துக்கொடுத்தால், "சரிங்க" என்கிறார். நாற்பது வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூட ங்க போட்டுப் பேசாத மனுஷன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முத்து வீடியோவில் வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்தது. மழை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்தேன். என்னைக் கண்டதும் இவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சத்தமா பேசாத. அந்தம்மா வந்துருச்சு. நம்ம சொல்றத எல்லாம் ஆபீஸுல போயி சொல்லிப்புடும்."

"எந்தம்மாண்ணே?" என்று முத்து கேட்டது எனக்கும் கேட்டது.

நான் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை இவர் வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.